நாக்கின் இடது பக்கம்

என் மகளுக்கு நாலு வயதில் இடது காதில் சீழ் வைத்தது. எங்கள் நெசவாளர் தெருவில் அதற்கெல்லாம் யாரும் பதற மாட்டார்கள். எண்ணெய்க் குளியலன்று காதிலும் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். சீழ் இருந்தால் எண்ணெயில் ஒரு பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சுவார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். காதில் எதையும் விடக்கூடாது என்று சுகாதாரப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். மாமியாரிடம் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"உம் புருசனுக்கும் நான்தான் ஊத்துனேன். தறியில குந்திக்கினு கீறானே, செவுடா அவன்? புஸ்தகத்த மூடிட்டு எண்ணெய காய்ச்சுமா" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஊற்றினேன். இரண்டு வருஷம்.

கடைசியில் மெட்ராசில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. காதுக்குள் எலும்பு அரித்துவிட்டது, அதோடு ஒரு மெல்லிய நரம்பையும் எடுக்கவேண்டி வந்தது என்றார் டாக்டர். நாக்கின் முன்பக்கத்து ருசி அந்த நரம்பு வழியாகத்தான் போகுமாம்.

"காதுக்கும் நாக்குக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்றார் என் கணவர்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயிற்றில் இருக்கும்போதே நாக்கில் ருசி மொட்டுகள் அரும்பிவிடும். நரம்பு வந்து சேர்ந்தால்தான் அவை நிலைத்து வளரும். பிறந்த பிறகும் பழையது உதிர்ந்து புதியது வந்துகொண்டே இருக்க நரம்பு வேண்டும். அது போனால் மொட்டும் போய்விடும்.

"எண்ணெயாலயா டாக்டர்?" என்றேன்.

"இனிமே ஊத்தாதீங்க" என்றார், எழுதிக்கொண்டே. பிறகு, "நரம்பு திரும்ப வளர்ந்தா மொட்டும் வரலாம். சின்னப் பொண்ணுதானே, பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். வந்த அன்றே எல்லாம் அந்த எண்ணெயால்தான் என்று மாமியாரிடம் கத்தித் தீர்த்தேன். வாசல் வெளிச்சத்தில் அவள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன். வலப்பக்கம் சிவப்புப் புள்ளிகள். இடப்பக்கம் வழவழவென்று வெளுத்திருந்தது. தினமும் காலையில் நிலவேம்புக் கஷாயத்தில் பஞ்சை நனைத்து, நீட்டிய நாக்கின் இடப்பக்கம் மட்டும் தொட்டுவிட்டுக் கேட்பேன். தலையை ஆட்டுவாள், ஒன்றுமில்லை என்று. ஒரு நாள் அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன். பாவாடை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

அடுத்த வாரமே, "கசக்குதுமா!" என்றாள்.

என் கணவர் தறியை விட்டு எழுந்து ஓடி வந்தார். கோயிலில் அர்ச்சனை செய்தோம். மாமியார், "எண்ணெ எண்ணென்னு என்ன கரிச்சிக் கொட்டுனியே, இப்ப இன்னா சொல்ற?" என்றார். தப்புதான் அத்தை, மன்னிச்சிடுங்க என்றேன். அதன் பிறகு தினமும் கசந்தது.

ஒரு நாள் கஷாயம் காய்ச்ச மறந்துவிட்டேன். அவளோ வழக்கம்போல் நாக்கை நீட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். பழக்கம் விடவேண்டாமே என்று பஞ்சைக் குடத்துத் தண்ணீரில் நனைத்துத் தொட்டேன்.

முகத்தைச் சுளித்தாள். "ரொம்பக் கசக்குதுமா" என்றாள். சொல்லிவிட்டு என் கண்களையே பார்த்தாள்.

"அப்படியா" என்றேன். சமையலறையிலிருந்து மாமியார், "இன்னிக்கும் கசக்குதாமா?" என்று குரல் கொடுத்தார்.

"ஆமாம் அத்தை."

மறுநாள் கஷாயத்தைக் கொஞ்சம் கெட்டியாகவே காய்ச்சினேன். இந்தத் தொட்டுப் பார்ப்பதை என்ன சொல்லி நிறுத்துவதென்று தெரியவில்லை.