முப்பத்து மூன்றாவது நொடி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கண், காது, மூக்கு வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மணி உட்பட எல்லாவற்றையும் அன்றே தாளில் குறித்து வைத்தேன்.

அண்ணனும் நானும் லினக்ஸ் புரோகிராம்களைப் பழைய டாஸ் கணினிகளில் ஓட வைத்துக் கொடுப்பவர்கள். தகடு வெட்டும் பட்டறைகள் சில இன்னும் டாஸை விடவில்லை. "டாஸுக்கு ஒரு நேரத்துல ஒரு வேலைதான். அப்படியே உன்னை மாதிரி" என்று அண்ணன் கிண்டலடிப்பார்.

அவர் மருத்துவமனையில் படுத்துப் பதினோரு நாள். இனி நாளை எண்ண வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவர் பாதியில் விட்ட புரோகிராம் ஓடிவிட்டது என்ற செய்தியோடு போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பிற்பகல் 3:52. எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றக் கம்பைல் கொடுத்தேன். வழக்கமான பிழை வரவில்லை. ஒரு ஃபைல் கடைசியாகச் சேமிக்கப்பட்டதாகப் பதிவான நேரம் இன்னும் வரவே இல்லை என்ற எச்சரிக்கை மட்டும் வந்தது.

அண்ணன் எழுதிய ஃபைல். நொடியோடு பார்த்தேன். அன்றைய தேதி. 4:17:33.

கணினியில் மணி 3:53. கைக்கடிகாரத்திலும் 3:53.

டாஸ் ஃபைல் நேரத்தை இரண்டிரண்டு நொடியாகத்தான் எழுதும். 32 வரும், 34 வரும். 33 எழுத அதில் இடமே இல்லை...

திறந்தேன். பத்து நாளாக நான் முட்டி மோதிய இடத்தில் புதிதாக ஒரு வரி. சரியான வரி. அதன் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழ், அவர் பழக்கம்: "போதும்டா. கிளம்பி வா."

எப்போதோ எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று அது இல்லை என்று எனக்குத் தெரியும். பயம்கூட வரவில்லை. மரத்துப் போயிருந்தேன்.

மறுபடி கம்பைல். போன கம்பைலுக்குப் பிந்திய நேரம் பதிவான ஃபைலை மட்டும்தான் அது மறுபடி எடுக்கும். நான் எதையும் மாற்றவில்லை. எடுத்தது.

மறுபடி. எடுத்தது.

டக்... டக்... பழைய ஹார்ட் டிஸ்க்.

4:05. இன்னும் ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன்.

4:18. எடுத்தது.

4:19. எடுக்கவில்லை.

4:21. போன். அண்ணி.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"வேலையில, அண்ணி."

"வாங்க..."

பதினாறு நாள் கழித்து மருத்துவமனைத் தாள்களை வாங்கினேன். இதயத் துடிப்பு பதிவான நீளத் தாளும் இருந்தது. கோடு நேராகும் இடத்தில் அச்சில் நேரம்: 4:17:33.

நர்ஸ் எழுதிய குறிப்பும் இருந்தது. 3:50-க்குக் கண் விழித்தார். தம்பியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாங்கள் வேலை செய்யும் அறையிலிருந்து அந்த மருத்துவமனை பத்து நிமிட நடை.