பின்கட்டுக்குத் தனி மீட்டர்

இதை எழுதுகிறவன் தையல்காரியை முதன்முதலாகச் சந்தித்தபோது அவள் அவனை அடித்தாள். எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்த புதிதில், சட்டை தைக்கக் கொடுக்கப் போனவன், மழையில் நனைந்த கையோடு ஃபேன் சுவிட்சைத் தொடப் போனான். மர ஸ்கேல் புறங்கையில் சுளீரென்று விழுந்தது.

"சாகறதுக்கு வீங்கறது தேவலை, தம்பி. துடைச்சுட்டுப் போடு" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவள் கதையைத் தெரு பாதி சொன்னது. மீதியை அவளே சொன்னாள்.

புருஷன் செத்த கையோடு வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. முன்கட்டு கொழுந்தனுக்கு, பின்கட்டு அவளுக்கு. மீட்டர் மட்டும் ஒன்றுதான், அதுவும் முன்கட்டில். பின்கட்டைக் கிடங்காக வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்று கொழுந்தனுக்கு ஆசை. அவளைக் கிளப்ப அவன் பிடித்த வழி இருட்டு. அவளுக்குப் போகும் வயரை வெட்டுவான். ஏன் என்று கேட்டால் அறைவான். ஒருமுறை தையல் மெஷினையும் அவளையும் சேர்த்தே வாசலில் தூக்கி எறிந்தான்.

வெட்டியதைச் சேர்க்க வந்த வயர்மேனை ஏணியோடு சாய்த்தான். "உங்க வீட்டுச் சண்டையில என் பல்லு எதுக்குக்கா போகணும்?" என்று ரத்த வாயைப் பொத்திக்கொண்டு போனவன், "என் கடைக்கு வா, எப்படின்னு சொல்றேன். உன் வீட்டு வாசப்படி மட்டும் மிதிக்க மாட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். வேறு யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

உள் வயரிங் எர்த்தோடு ஒழுங்காக இருந்தால் பின்கட்டுக்குத் தனி மீட்டர் தருகிறோம், வந்து சோதித்துப் பார்ப்போம் என்றது மின் அலுவலகம். தனி மீட்டர் வந்துவிட்டால் கொழுந்தன் கை அவள் விளக்கை எட்டாது. வயர்மேன் கடையில் கேட்டுக் கற்றுக்கொண்டு, அவளே ஏணியில் ஏறினாள்.

முதலில் முன்கட்டுக்குப் போய்த் தன் லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். கரண்ட் இருக்கிற இடத்தில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று பார்ப்பாள். டெஸ்டரே செத்திருந்தால் அது சொல்வதும் பொய்தானே. அப்புறம் வேலை செய்கிற வயரில் வைப்பாள். எரியாவிட்டால்தான் கை வைப்பாள். ஏணியை விட்டு இறங்கி ஏறினாலும் மறுபடி டெஸ்டர்.

"என்ன அண்ணி, வயருக்கு ஜுரம் பாக்கறீங்களாக்கும்?" என்று கொழுந்தன் கிண்டலடிப்பான்.

கடைசி போர்டை மாட்டும்போது டேப் எடுக்க இறங்கினாள். திரும்ப ஏறி டெஸ்டரை வைத்தாள். எரிந்தது. இடுப்பைத் தடவினாள். கட்டை அங்கேதான் இருந்தது.

முன்கட்டுக்கு ஓடினாள். கட்டை இருந்த இடத்தில், மேல்தோல் சீவிய செம்புக் கம்பி ஒன்று முறுக்கி மாட்டியிருந்தது. அப்போதுதான் மெயினைப் போட்டிருந்த கொழுந்தன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னும் விழலையா நீ?"

அவள் கையிலிருந்த கட்டிங் பிளேயர் அவன் தாடையில் இறங்கியது. பல் தெறித்தது. அவன் அவள் கொண்டையைப் பிடித்து மண்டையைச் சுவரில் மோதினான். கீழே தள்ளி வயிற்றில் மிதித்தான்.

"அண்ணியாவது கிண்ணியாவது! இன்னிக்கு உன்னைத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்!"

மிதித்த வேகத்தில் தடுமாறியவன், விழாமலிருக்கக் கையைப் பின்னால் ஊன்றினான். அவன் மாட்டிய கம்பியிலேயே ஊன்றினான். வெறுங்கால், கழுவிவிட்ட தரை. உடம்பு விறைத்து உதற, விரல்கள் கம்பியைக் கவ்விக்கொண்டன. வாய் கோணியது; சத்தம் வரவில்லை.

"ஐயோ, என்னங்க!" என்று அவன் பெண்டாட்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். தரையில் கிடந்த தையல்காரி, ஓரகத்தியின் காலைப் பிடித்து இழுத்துக் குப்புறத் தள்ளினாள்.

"தொடாதடி! தொட்டா நீயும் ஒட்டிக்குவ!"

மெயின் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது, கை எட்டாது. தையல்காரி எழுந்து, மூலையில் கிடந்த காய்ந்த மர ஸ்டூலைத் தூக்கி அவன் முன்கையில் அடித்தாள். எலும்பு முறிவது கேட்டது. கை விடவில்லை. மறுபடி அடித்தாள், மறுபடியும் அடித்தாள். கை பிய்த்துக்கொண்டு வர, அவன் சரிந்தான். காப்பாற்ற விழுந்த அடி எது, வஞ்சம் தீர்க்க விழுந்த அடி எது என்று அவளுக்கே தெரியாது.

பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே, "கொல்லப் பார்த்தா சார்" என்று போலீஸிடம் சொன்னான். அதை அவர்கள் நம்பினால் அவளுக்கு மீட்டரும் இல்லை, பின்கட்டும் இல்லை. இன்ஸ்பெக்டர் அவன் பெண்டாட்டியைக் கேட்டார். புருஷன் கண்ணை உருட்டினான். அவனிடம் அவளும் அடி வாங்கியவள்தான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்.

"கம்பிய மாட்டினது இவருங்க. அடிச்சு உசுரோட எடுத்தது அக்கா. என் காலை வாரிவிட்டதும் அக்காதான், அதையும் எழுதிக்குங்க. இன்னும் முட்டி வலிக்குது."

தையல்காரி இப்போதும் பின்கட்டில்தான் இருக்கிறாள். மின் அலுவலகத்தார் வந்து, எர்த்தைச் சோதித்து, அவள் பெயரில் மீட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள். கொழுந்தன் முன்கட்டில் இருக்கிறான். வலது கை விரல்கள் மடங்குவதில்லை. இருவருக்கும் பேச்சு கிடையாது.