சந்தனம் பூசிய நெகிழ்வட்டுகள்

பிரிக்பீல்ட்சு வட்டாரத்து அச்சகம் ஒன்றின் கணினிக் கோப்புகளுக்கு நான் வகுத்த காப்புமுறையைப் பற்றி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. அது தோற்றதற்குக் கணினியைக் குறைகூறுவோர் இன்னமும் உளர். குறை என்னுடையது. அன்று அழிந்தவற்றுள் என் துணைவியாரின் நினைவுமலரும் ஒன்று.

எண்பதுகளின் இறுதியில் அங்கு மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். இறந்தோர்க்கு முப்பத்தோராம் நாளில் வழங்கும் நினைவுமலர்களே எங்கள் முதன்மைப் பணி. ஆண்டு நிறைவுக்கு மறுபதிப்புக் கேட்டு அக்குடும்பத்தார் மீண்டும் வருவார்கள். ஆகவே கோப்புகளைக் காத்தல் இன்றியமையாதது.

பிளாப்பி என்று பலரும் சொல்லும் நெகிழ்வட்டுகளில் இரண்டு படிகள் எடுக்கச் செய்தேன். ஒன்று அச்சக அலமாரியில் இருக்கும். மற்றொன்று கிள்ளானில் என் வீட்டில். தீயோ வெள்ளமோ ஓரிடத்தை அழித்தாலும் மற்றது எஞ்சும். வெள்ளிதோறும் புதிய படியை பிஸ்கட் எனப்படும் மாச்சில் வந்த தகரப்பெட்டியில் வைத்து, பேருந்தில் மடிமீது ஏந்திச் செல்வேன். துணைவியாரின் புடவைகளைக் கொடுத்துவிட்டபின் வெறுமையாய்க் கிடந்த அலமாரித் தட்டே அதற்கு இடம். பூட்டிய வீட்டைத் திறக்கையில் கையில் ஏதோ ஒன்று இருந்தது.

துணைவியார் காப்பார் என்னும் ஊரில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் பயின்ற தோட்டப்பள்ளியின் ஆசிரியை. மருத்துவமனையில் அவர் சொல்லச் சொல்லக் குறித்தவற்றை அச்சகக் கணினியில் ஏற்றினேன். காப்புமுறையை நம்பிக் கையெழுத்துத் தாள்களையும், திருத்தி முடித்த மெய்ப்புத் தாள்களையும் கழித்துவிட்டேன். பிறர் மலர்களை உரிய நாளில் முடித்துக் கொடுத்த நான், அவருடையதை மட்டும் திருத்திக்கொண்டே இருந்தேன்.

"இன்னுமா சார் அம்மா மலர முடிக்கல? ஒம்போதாவது மெய்ப்பு!" என்பார் முதலாளி.

"ஒரு சொல் சரியாக அமையவில்லை."

"அம்மா இருந்தா திட்டுவாங்க லா. மொதல்ல அடிங்க சார்."

அவ்வாண்டு ஆயுத பூசைக்கு முந்திய வாரம் முதலாளி சொன்னார்: "வீட்டுல வச்சிருக்கிற பிளாப்பியையும் கொண்டாந்துருங்க சார். அதுவும் நம்ம ஆயுதம்தானே? அதுக்கு மட்டும் பொட்டு இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

இரு படிகளும் ஓரிடத்தில் சேரலாகாது என்பது நானே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி. ஆயினும் கொண்டுசென்றேன். விடுமுறை நாளில் மனிதர் கூடும் இடத்திற்குச் செல்ல எனக்கு அது ஒரு காரணமாயிற்று. அச்சுப்பொறி, வெட்டுகத்தி, கணினி, இரு படிகள் என அனைத்தையும் வரிசைப்படுத்தினோம். நெகிழ்வட்டுகளின் உறையில் உள்ளிருக்கும் வட்டு தெரியும்படி நீள்வட்டமான திறப்பு உண்டு. பொட்டிடத் தோதான இடமென எனக்குத் தோன்றியது அதுவே. சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றிலும் நானே இட்டேன். அன்று மாலை உணவின்போது எல்லாரும் என்னோடு பேசினர்.

அடுத்த வெள்ளி வருமுன்பே, கோப்புகள் இருந்த கணினியின் உள்வட்டு பழுதுற்றது. பழுதுபார்க்க வந்தவர் என் படிகளை ஒவ்வொன்றாய் நுழைத்துப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. இறுதியில் ஒன்றை விளக்கொளியில் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"பாஸ், இதுக்குள்ள சந்தனம் காஞ்சு கெடக்கு லா! எந்தப் புண்ணியவான் வேல இது?"

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. "பூசையில ஏதோ கைதவறிப் பட்டிருக்கும்," என்றார்.

குடும்பங்கள் தத்தம் அச்சுப்படிகளைத் தந்துதவின. அவற்றைப் பார்த்து மீண்டும் தட்டச்சிட்டோம். அச்சேறாத மலர் ஒன்றுக்கே படி இல்லை. அவ்வெள்ளியன்று வெறுங்கையோடு பேருந்தேறினேன்.

அவர் சொன்னவற்றுள் எஞ்சியவை சிலவே. மழையில்லா நாள்களில் பள்ளி முற்றத்து நாவல்மரத்தடியில் வகுப்பெடுத்ததைச் சொன்னார். அது நாவலா, மாமரமா என்பதில் எனக்கு இன்று ஐயமுண்டு.

இக்குறிப்பையும் திருத்திக்கொண்டே இருக்கும் எண்ணம் எழுந்தது. இரண்டாம் மெய்ப்போடு அச்சுக்குத் தந்துவிட்டேன். பிழை காண்போர் தெரிவிக்க வேண்டுகிறேன். காப்பாரில் அவரிடம் பயின்ற எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அம்மரம் எதுவென்று எழுதுங்கள்.