வெள்ளிக்கிழமைத் திறப்பு

பீல் நகரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் உடுப்புத் தோய்க்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. நிலவறையில் ஒரே ஒரு இயந்திரம். அந்த அறைக்கதவின் பூட்டுக்கு ஒரே ஒரு திறப்பு. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலின்படி வியாழக்கிழமை எங்களுக்கு. வெள்ளிக்கிழமை மேல்மாடியில் இருந்த பாலஸ்தீனக் குடும்பத்துக்கு. சனிக்கிழமை தரைத்தளத்தில் தனியாக வாழ்ந்த யூதக் கிழவருக்கு. ஞாயிற்றுக்கிழமை யாரும் தோய்க்கக் கூடாது, அது சுவிஸ்காரரின் ஓய்வுநாள். முஸ்லிம்களுக்குத் தொழுகை நாளையும் யூதருக்கு ஓய்வுநாளையும் பார்த்துப் பார்த்துப் பிழையாகக் கொடுத்த அந்தப் பட்டியலை எழுதிய மனிசிக்கு இரண்டு சமயங்களைப் பற்றியும் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு சரியாகப் பிழைவிட்டிருக்க முடியாது.

கிழவர் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமையில் ஒரு விளக்கைக்கூடப் போடமாட்டார். முன்பு மேல்மாடியில் இருந்த இத்தாலியப் பெண்ணோடு பல வருடமாக நாளை மாற்றிக்கொண்டு வந்தார். அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். அந்த வீட்டையும் அந்த வெள்ளிக்கிழமையையும் லெபனானின் அகதி முகாமிலிருந்து வந்த குடும்பம் பெற்றுக்கொண்டது. கிழவருக்கு மேலே ஏறிப்போய்க் கேட்க மனம் வரவில்லை. மேல்வீட்டுக்காரர் வந்த முதல் நாளே கிழவரின் கதவு நிலையில் யூத வீட்டுக்கு அடையாளமாகப் பதித்திருந்த சின்ன வேதக் குழாயைக் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் படியில் சந்தித்தால் 'போன்ஜூர்' என்பதைச் சுவருக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கடைசியில் கிழவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். நாங்கள் நடுமாடி. அம்மா மேலே போய் அவரின் வேண்டுகோளைச் சொன்னா. மேல்வீட்டம்மா "யாருக்காக?" என்று கேட்டா. அம்மா விரலால் நிலத்தைக் காட்டினா. மேல்வீட்டம்மா சரி என்று தலையை ஆட்டினா. தொழுகை நாளில் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள், அவவுக்கும் சனிக்கிழமைதான் வசதி. எந்த ஒப்பந்தமும் எழுதாமல் காரியம் முடிந்தது. திறப்பைக் கொண்டுபோகும் வேலை ஒன்பது வயதுச் சிறுமியான எனக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடம் போகும்போது திறப்பைக் கீழே கொடுப்பேன். பின்னேரம் வாங்கி மேலே கொண்டுபோவேன். குளிர்காலத்தில் சூரியன் நாலரைக்கே மறைந்து அவரின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அந்த நாட்களில் கிழவர் காய்ந்ததும் காயாததுமான சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலையே பார்த்தபடி நிற்பார். திறப்பைத் தரும்போது ஒரு சொக்லேட்டும் தருவார். மேலே கொண்டுபோனால் மேல்வீட்டம்மா ஒரு பேரீச்சம்பழம் தருவா. இரு பக்கமும் சம்பளம் வாங்கிய ஒரே தூதுவர் நானாகத்தான் இருப்பேன்.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, என்னைப் படியில் கண்டால் சல்யூட் அடிப்பார்.

"வழிவிடுங்கோ, வழிவிடுங்கோ, அமைதிப்படை வருகுது!"

"டேய், அந்தப் பேரை இந்த வீட்டுக்கை எடுக்காதை எண்டு எத்தினைதரம் சொன்னனான்!" என்று அம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டே கத்துவா.

இந்திய இராணுவம் அந்தப் பெயரில் எங்கள் ஊருக்கு வந்துபோனதும், ஏன் அந்தப் பெயர் ஆகாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலிருந்து வந்த கத்தோலிக்கர். அந்த வருடம் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஆபிரகாமின் கதை வந்தது. கிழவனான ஆபிரகாமுக்கு அடிமைப் பெண் ஆகார் ஒரு மகனைப் பெற்றாள், இஸ்மவேல். பிறகு மனைவி சாராவும் ஒரு மகனைப் பெற்றாள், ஈசாக்கு. சாராவின் சொல் கேட்டு ஆபிரகாம் மூத்தவனையும் தாயையும் கொஞ்ச அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீரும் கொடுத்துப் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டார். ஈசாக்கின் வழி வந்தவர்கள் யூதர், இஸ்மவேலின் வழி வந்தவர்கள் அரபிகள் என்று ஆசிரியர் சொன்னார். பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எங்கள் மேல்மாடியிலும் அனுப்பாமல் வைத்துக்கொள்ளப்பட்டவர் எங்கள் கீழ்த்தளத்திலும் இருந்தார்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்தபடி தீர்ப்புச் சொன்னா.

"மூத்தவனைப் பங்கு இல்லையெண்டு கலைச்சுவிட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? இது பங்காளிச் சண்டை பிள்ளை. காணிச் சண்டை. எங்கட ஊரிலை இல்லாததோ?"

என் வகுப்பில் படித்த மேல்வீட்டுப் பெண்ணிடமும் போய்க் கேட்டேன். அவளுக்கும் அந்தக் கதை தெரியும். ஆனால் ஆபிரகாம் கடவுளுக்குப் பலியிடப் பலிபீடத்தில் கிடத்திய மகன் இஸ்மவேல்தான், ஈசாக்கு அல்ல என்று அடித்துச் சொன்னாள். யாரைக் கிடத்தினாலும் கடைசியில் வெட்டுப்பட்டது ஆடுதான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பங்காளிச் சண்டைக்கு எங்களிடம் மருந்து இருந்தது. கதைபேச்சில்லாத சொந்தக்காரர் வீட்டுக்கு, நல்லகாரியம் வரும்போது நேரில் போய்க் கூப்பிடவேண்டும். நேரில் போய்க் கூப்பிட்டால் வராமல் இருக்கமுடியாது. வந்தவர்களை ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் இருத்தவேண்டும். ஒரு சோறு தின்ற பிறகு கோபத்தை வைத்திருப்பது வெட்கம். அம்மாவும் சின்னம்மாவும் மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்து, ஒரு கலியாண வீட்டில் இப்படித்தான் சேர்ந்தார்கள்.

நான் ஒரு தட்டில் கேக் துண்டுகள் வைத்துக்கொண்டு முதலில் கீழேயும் பிறகு மேலேயும் போனேன். என்னுடைய புதுநன்மைச் சாப்பாட்டுக்கு வரவேண்டும் என்றேன். மற்றவரையும் கூப்பிட்டிருப்பதை இருவருக்கும் சொல்லவில்லை. கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கட்டடத்தில் முப்பது வருடமாக ஒருவரும் தன்னைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். சின்ன வீட்டில் இருபது பேர். நான் வெள்ளை உடுப்போடு வாசலில் நின்று முதலில் வந்த கிழவரைப் பிடித்து மேசையில் இருத்தினேன். பத்து நிமிடம் கழித்து மேல்வீட்டுக் குடும்பம் வந்தது. மேல்வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கிழவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டேன். இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்து எதிரேயிருந்த சுவரைப் பார்த்தார்கள். அந்தச் சுவரில் பெரியப்பா குடும்பத்தின் படம் மாட்டியிருந்தது. பெரியப்பா அப்பாவின் அண்ணர். சண்டையில் தீவை விட்டு ஓடி யாழ்ப்பாண நகரத்துக்கு வந்தவர். சில மாதங்களுக்கு முன் அவர் கடிதத்தோடு அனுப்பிய படம் அது. பச்சைக் கதவும் வளைவு விறாந்தையும் உள்ள அழகான வீட்டுக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள்.

மாமா விடியக்காலையிலிருந்து கிண்டிய கறிச்சட்டியோடு பெருமையாக வந்தார். அகப்பையை அவர் தூக்கவும் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகளை மூடின.

குசினி வாசலில் நின்ற அம்மா தலையில் கைவைத்தா.

"ஐயோ கடவுளே, அவை பண்டி தின்னாயினமடா!"

"ஆர், இவரோ அவரோ?"

"ரெண்டுபேரும்தானடா மடையா!"

எங்கள் ஊரில் கத்தோலிக்கர் வீட்டுப் புதுநன்மை விருந்துக்குப் பன்றிக்கறி இல்லாமல் இருக்காது. ஆபிரகாமின் பிள்ளைகள் இருவரையும் ஒரு பந்தியில் இருத்தி அதைப் பரிமாறும் யோசனை எங்களுக்குத்தான் வரும். கிழவர் மேல்வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார். மேல்வீட்டுக்காரர் கிழவரின் கையைப் பார்த்தார். முதலில் சிரித்தது கிழவர். பிறகு மேல்வீட்டுக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். மாமா ஒன்றும் விளங்காமல் சட்டியோடு நின்று தானும் சிரித்தார்.

கிழவர் தன் சமய விதிப்படி எங்கள் பாத்திரத்தில் சமைத்த எதையும் சாப்பிடமாட்டார் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. தட்டத்தில் இருந்த ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றை எடுத்தார். கடிகாரச் சக்கரம் பிடித்த விரல்களால் தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரித்தார். பாதியை மேல்வீட்டுக்காரருக்கு நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். எனக்குப் பறக்கலாம் போலிருந்தது. மாமா என் காதுக்குள் "உனக்குப் பரிசு தரவேணும் பிள்ளை" என்றார்.

அவர்கள் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினார்கள். தன் தாய் பிறந்த வீட்டு முற்றத்திலும் தோடை மரம் நின்றதாம் என்று மேல்வீட்டுக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று கிழவர் கேட்டார். ஹைஃபா என்றார் அவர். கிழவர் ஒரு சுளையை வாயில் போட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பங்காளிகள் ஒரே ஊர் என்று கண்டுபிடித்த பிள்ளை எப்படிச் சும்மா இருக்கும்? "ஐயாவின் அக்காவும் அங்கேதான் இருக்கிறா! படம் இருக்கு! பல்கணியில் நின்றால் கடல் தெரியும்!" என்று கத்தினேன். திறப்பு வாங்கப் போகும்போதெல்லாம் கிழவரின் சுவரில் நான் பார்த்த, அவர் ஊரின் பெயர் சொல்லிக் காட்டிய படம் அது.

மேல்வீட்டுக்காரர் மிகவும் மரியாதையாக, எந்தத் தெருவில் என்று கேட்டார். கிழவர் சொன்னார். பிறகு, கேட்காமலே, மெதுவாகச் சொல்லிக்கொண்டுபோனார். அவருடைய வீட்டில் ஏழுபேர். சிறுவனாக இருந்த அவரை யாரோ மலை வழியாக இந்த நாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மற்றவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வதைமுகாமிலிருந்து உயிரோடு வந்தது அக்கா ஒருத்தி. அவளை ஒரு கப்பல் ஹைஃபாவில் இறக்கியது. அங்கே அவளுக்கு இந்த வீட்டைக் கொடுத்தார்கள்.

"யார் கொடுத்தது?" என்றார் மேல்வீட்டுக்காரர்.

"அவளுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை, மிசியூ."

"தெரியும். என் அம்மாவுக்கும் இருக்கவில்லை. ஆனால் அவள் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வந்தாள்."

அந்த வீடுதான் இந்த வீடு என்று இருவரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. குரலை யாரும் உயர்த்தவில்லை. பாதித் தோடம்பழம் மேல்வீட்டுக்காரரின் தட்டில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பி என் தலையைத் தடவி வாழ்த்தினார். வாசலுக்குப் போகும்போது, சும்மா போகக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, சுவரில் இருந்த படத்தைக் காட்டி அப்பாவிடம் கேட்டார்.

"உங்கள் சகோதரரா? அழகான வீடு."

அப்பாவுக்குத் தொழிற்சாலைப் பிரெஞ்சு போதுமான அளவு விளங்கும். மேசையில் நடந்த கதை முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"ஓம், அண்ணை," என்று தமிழிலேயே சொன்னார். வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் திறப்புக் கேட்டு மேலே போனேன், ஏனென்றால் வியாழக்கிழமைப் பின்னேரமே மேல்வீட்டம்மா வந்து அதை அம்மாவிடம் வாங்கிப்போயிருந்தா. கதவைப் பாதி திறந்து, இனி வெள்ளிக்கிழமையில் தாங்களே தோய்ப்பதாகச் சொன்னா. பேரீச்சம்பழம் தந்தா. அவவின் கண்கள் வீங்கியிருந்தன. கிழவர் அதற்குப் பிறகு சட்டைகளைக் குளியல் தொட்டியில் தோய்த்தார். படியில் கண்டால் சொக்லேட் தர மறக்கவில்லை, ஆனால் அவர் வீட்டுக்குப் போக நான்தான் கூச்சப்பட்டேன். எல்லாம் பன்றிக்கறியால் வந்த வினை என்று நினைத்தேன். அதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். சாமியார் சிரிப்பை அடக்கியது எங்கள் நடுவே இருந்த மறைப்பு வலைக்கு அப்பால் கேட்டது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். நாங்கள் இப்போது ஃப்ரிபூர்கில் இருக்கிறோம். போன வாரம் அவளின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. காசாவில் நடக்கும் போர் பற்றி இரண்டு மாணவிகள், இருவருமே இவளின் தோழிகள், படிக்கட்டில் கைகலந்திருக்கிறார்கள். இவள் நடுவில் போய் நின்றாளாம். விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து அவள் கேட்டாள்.

"அம்மா, இது எங்க தொடங்கினது?"

ஆபிரகாமிலிருந்து தொடங்கினேன். பாதியில் எனக்கே அது பொய்போலப் பட்டது. ஆபிரகாமின் பிள்ளைகளாக அவர்கள் இருந்த பத்து நிமிடமும் எங்கள் மேசையில் சிரிப்பாகத்தானே இருந்தது.

அவள் உறங்கிய பிறகு, காலமான அப்பாவின் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்தில் பெரியப்பாவின் கையெழுத்து. யாழ்ப்பாணத்தில் சோனகர் என்று சொல்லப்படும் முஸ்லிம்களை ஒரே நாளில், கையில் அகப்பட்டதோடு வெளியேறச் சொல்லி, ஆயுதம் தூக்கிய எங்கள் ஆட்கள் கலைத்த வருடத்துக்கு அடுத்த வருடம் எழுதியது.

'இப்ப இருக்கிற வீடு. சோனகரின் வீடு. அவை போனபிறகு சும்மா கிடந்தது, எங்களுக்குத் தந்தவை. நல்ல தண்ணிக் கிணறு.'

புதுநன்மை நாளன்று பின்னேரம், விருந்தினர் எல்லோரும் போன பிறகு, அப்பா முக்காலி வைத்து ஏறி அந்தப் படத்தைக் கழற்றினார். ஏன் என்று கேட்டேன். சுவருக்கு வர்ண மை அடிக்கவேண்டும் என்றார். மை அடிக்கவே இல்லை. இரண்டு வாரம் அந்த இடத்தில் வெறும் ஆணி இருந்தது. பிறகு என் புதுநன்மைப் படம் கழுவி வந்ததும் அதே ஆணியில் மாட்டினார். வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுதிரியுமாக, இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்த பெருமையோடு அதில் சிரிக்கிறேன்.

பெரியப்பாவின் படத்தைவிட என்னுடையது வடிவாக வந்திருக்கிறது, அதனால்தான் அப்பா மாற்றினார் என்று எல்லோருக்கும் சொல்லித்திரிந்தேன்.