என் பெயரில் வாங்கிய மாடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தம்பி கைபேசியில் ஒரு குதிரையின் கதையைக் காட்டினான். வெளிநாட்டில் எங்கோ, இறைச்சிக்குக் கொண்டுபோக நின்ற குதிரையாம். அதை ஒருவர் அடிமாட்டு விலைக்கு வாங்கியிருக்கிறார். பிறகு அது தடை தாண்டுகிற பெரிய போட்டிகளுக்குப் போய், பணக்காரர்களின் குதிரைகளையெல்லாம் தோற்கடித்துவிட்டது. படத்தில் கோப்பையோடு சவாரிக்காரர் நின்றார். பக்கத்தில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் நின்றார்கள். குதிரையின் முகம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஊர்க் குதிரைக்கோ நான் ஏன் கொதிக்கிறேன் என்று தம்பி சிரித்தான். சாய்மனைக் கதிரையில் கிடந்த பெரியப்பா கைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்கடை குதிரையும் உப்பிடித்தானே" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னுமொன்றும் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மற்றதைச் சொல்லும் பொறுமை எனக்கு இருக்காது.

பெரியப்பா குதிரை என்றது ஒரு மாட்டை. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நீர்வேலியில் எங்களுக்கு வாழைத்தோட்டம். வண்டி போகிற சின்ன ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் வீடு. அவருக்குத் தோட்டம் ஒரு சாட்டு. மாட்டுவண்டிச் சவாரிதான் உயிர். இரண்டு மாடு பூட்டிய சின்ன வண்டியை வெட்டவெளியில் பறக்கவிடுகிற அந்தப் பந்தயத்துக்காக வீட்டிலிருந்து என்னென்ன போனதென்று பெரியம்மா இன்றைக்கும் விரல் மடக்கிச் சொல்லுவார். அந்த வருடம் பெரியப்பாவின் சோடியில் ஒன்று செத்துப்போயிற்று. நல்ல மாடு வாங்க அவரிடம் வசதி இல்லை. தன் தம்பியான அப்பாவை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். அப்பாவுக்கு அண்ணை சொன்னால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது.

அம்மா கோப்பாயில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், ஒருவர் வெள்ளை நாம்பன், இளங்காளை, ஒன்றை எங்கள் படலையடிக்குக் கொண்டுவந்தார். எலும்பும் தோலுமாக நின்றது. இறைச்சிக்குக் கொடுக்கக் கொண்டுபோகிற வழியாம். பெரியப்பா அதன் கால்களைப் பார்த்தார். பார்த்ததுமே முகம் மலர்ந்தது. பிறகு முதுகைத் தடவினார். மயிரை விலக்கி ஓரிடத்தில் விரலை வைத்தார். அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். திரும்பிவந்ததும், கணக்குக் கொப்பியோடு இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வெற்றிலையில் காசை வைத்துப் பெரியப்பா என் கையில் தந்தார்.

"இந்தா, உன்ரை கையாலை குடுத்துக் கயித்தை வாங்கு. இண்டையிலையிருந்து மாடு உன்ரை."

அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதையெல்லாம் கவனிக்க எங்கே நேரம்? அந்த வீட்டில் எது வந்தாலும் தம்பிக்குத்தான் முதலில் வரும். சைக்கிளும் அவனுக்கு, கோழியின் காலும் அவனுக்கு. முதல்முறையாக அவனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வலது கையால் கயிற்றை வாங்கினேன். கோவிலில் வேட்டைத் திருவிழாவுக்குச் சாமி வருகிற வெள்ளை மரக்குதிரையைத் தவிர வேறு குதிரையை நான் பார்த்ததில்லை. நாம்பனும் அந்த நிறம்தான். அன்றைக்கே குதிரை என்று பெயர் வைத்தேன்.

பொழுதுபட வந்த அம்மா மாட்டைப் பார்த்தார், அதன் முதுகைப் பார்த்தார், கயிறு யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்தார். குசினிக்குள் போய் அப்பாவோடு சண்டை பிடித்தார். அதற்குப் பிறகு பல நாட்கள் அவரோடு கதைக்கவில்லை. காசு வீணாகிவிட்டது என்று அம்மாவுக்குக் கோபம் என நினைத்தேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். தம்பிக்கு ஒரு கீற்று, எனக்கு அப்பு அப்பென்று அப்பினார். வெள்ளிக்கிழமைகளில் விரதமிருந்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். குதிரை வெல்ல வேண்டுமென்றுதான் நேர்த்தி வைத்திருக்கிறார் என்று எனக்குள் ஒரே பெருமை.

குதிரையை ஆளாக்கியது நான். வாழைத்தண்டு வெட்டிப் போட்டது, பிண்ணாக்கு ஊறவைத்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோட்டத்து ஒழுங்கையில் ஓடவிட்டது எல்லாம் நான். ஒரு வாளியில் ஊறவைத்த உழுந்தோடு ஒழுங்கையின் முடிவில் நின்று பெயரைச் சொன்னால் போதும், புழுதி கிளம்ப வந்து நிற்கும். பெரியப்பா அதை ஒருநாள் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார். சவாரித் திடலுக்குப் பெண்பிள்ளைகள் போவதில்லை என்று அதுவரை சட்டம் பேசியவர், அடுத்த சவாரிக்கு என்னையும் வான் வண்டியில் ஏற்றினார். எல்லைக் கோட்டுக்கு அப்பால் வாளியோடு நிறுத்தினார். மற்ற மாடுகளை ஆணித்தடியால் குத்திக் குத்தி ஓட்டினார்கள். என் குதிரையை யாரும் தொடவில்லை. அது உழுந்துக்கும் என் குரலுக்கும் ஓடியது. பெரியப்பாவின் பழைய மாட்டையும் இழுத்துக்கொண்டு முதலாவதாக வந்தது.

ஒலிபெருக்கியில் பெரியப்பாவின் பெயரைச் சொன்னார்கள். கோப்பையைப் பெரியப்பா வாங்கினார். படம் எடுக்கும்போது நான் போய்க் குதிரையின் பக்கத்தில் நின்றேன். ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று யாரோ என்னைத் தோளில் பிடித்து விலக்கினார். வான் வண்டியில் திரும்பி வரும்போது, அது என்ரை மாடுதானே என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "ஓமடி, ஆர் இல்லையெண்டது?" என்றார். கோப்பை அவருடைய மடியில் இருந்தது. இப்படி மூன்று சவாரி வென்றோம். மூன்று படத்திலும் நான் இல்லை.

அதற்குப் பிறகு ஊரே எங்கள் படலையில் நின்றது. முன்பு முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு விலகிப் போனவர்கள் இப்போது கால்களை மட்டும்தான் பார்த்தார்கள். உடுப்பிட்டியிலிருந்து ஒருவர் கேட்ட விலைக்கு வாங்க வந்தார். பெரியப்பா தரமாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கிழமைதான் எனக்குக் காய்ச்சல் வந்தது. நுளம்பு கடித்து வருகிற டெங்குக் காய்ச்சல்; ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்த அன்றே அம்மா, பெரியப்பாவிடம் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத அம்மா, அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாடு இந்த வளவிலை நிண்டால் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன். திரும்பி வரமாட்டன்."

உடுப்பிட்டிக்காரர் திரும்பவும் வந்தார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். கயிறும் போனால் பட்டியே போய்விடும் என்பார்கள். அம்மா கயிறும் போகட்டும் என்றார். என் கையாலேயே கொடுக்க வைத்தார். நான் விடமாட்டேன் என்று கயிற்றைக் கைவிரல்களில் சுற்றிக்கொண்டேன். அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். லொறியில் ஏறிய குதிரை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தது. கோப்பையைக் கொண்டுபோன பெரியப்பாவைக்கூட நான் சீக்கிரம் மன்னித்துவிட்டேன். அம்மாவை மன்னிக்கவில்லை. பெரியவளான பிறகும், சண்டை வரும்போதெல்லாம், என் மாட்டை விற்றவர்தானே என்று சொல்லிக் காட்டுவேன். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

இனிப் பெரியப்பா சென்ற மாதம் சொன்னது. கைபேசியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பழைய பகிடி ஒன்றைச் சொல்லுகிறவர்போலச் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதுக்கு முதுகிலை பாடைச்சுழியெல்லே. வாங்கினவன் வருசத்துக்குள்ளை பாடையிலை போவான் எண்டுதான் ஒருத்தரும் வாங்கேல்லை. நானும் உன்ரை அப்பரும் நல்லா யோசிச்சம். நீ கட்டிக்குடுக்கிற பிள்ளை, வேறை வீட்டுக்குப் போறவள். உன்ரை கையாலை வாங்கினால் வீட்டுக்கு ஒண்டும் வராதெண்டு நினைச்சம். பார், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

சுழியை நான் நம்புகிறவள் அல்ல. அந்த அப்பாவி மாட்டின் முதுகில் மயிர் கொஞ்சம் சுழன்றிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் நம்பினார்கள். தங்கள் கையால் அந்தக் கயிற்றைத் தொடாத அளவுக்கு நம்பினார்கள். வீடு முழுக்க ஆட்களைத் தேடி, போனால் போகட்டும் என்று என்னைப் பொறுக்கியிருக்கிறார்கள். கிணற்றடியில் குசுகுசுத்தது இதைத்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அன்றைக்குப் போலவே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சீமெந்து போட்ட தரையில் அப்படி என்னதான் தெரிந்ததோ.

அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். பெரியப்பா சொன்னது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தட்டைச் சத்தமாக வைத்தார். அவருடைய வலது மணிக்கட்டில் ஒரு பழைய வெள்ளைத் தழும்பு இருக்கிறது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று குசினிக்குள் போய்க் கேட்டேன். "ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அதை எப்பிடிச் சொல்லுறது?" என்றார்.

அந்தத் தழும்பு வந்தது லொறி போன அன்றுதான். லொறி ஒழுங்கையைத் தாண்ட முன்பே அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார். போட்டிருந்த சட்டையோடு இருத்தி, செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு வார்ப்பதுபோலத் தலையில் வாளி வாளியாக வார்த்தார். நான் உதைத்தேன், கத்தினேன். நீ எனக்கு அம்மாவே இல்லை என்றேன். என்னைப் பிடித்திருந்த கையைக் கடித்தேன். அம்மா கையை இழுக்கவில்லை. மற்றக் கையால் வார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் தண்ணீர், அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். என் மாட்டைப் பறித்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறாரே என்று, இன்னும் ஆழமாகக் கடித்தேன்.