நாக்கில் எழுத்து வெட்டிய சாமி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேசப் பேத்தியின் போன் எழுதிக்கொள்கிறது. என்ன சுகம் பாருங்கள்! சரி, சொல்ல வந்தது அதுவல்ல.

துபாயில், சத்வாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். வடக்கே பனி தேசத்துப் பழைய சாமி, பேர் பிராகி. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

“அம்மாச்சி, அவர் பொயட்ரிக்கு காட். நாக்குல எழுத்து வெட்டியிருக்கும்.”

“நாக்குலயா? சிலேட்டுச் செலவு மிச்சம்! பிறக்கும்போதே சாமியா?”

“பெரிய சாமியோட மகன்னு சிலர் சொல்றாங்க. ராஜாவுக்குப் பாடின மனுஷன்தான், செத்தப்புறம் சாமியாக்கிட்டாங்கன்னும் சொல்றாங்க.”

எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் பக்கமும் செத்தவருக்குப் படையல் வைத்துச் சாமியாக்குவோமே! அந்தப் பிராகியின் பெண்டாட்டி தரும் ஆப்பிளைத் தின்றால் சாமிகளுக்கு வயசே ஆகாதாம். நானும் தினம் ஒன்று தின்கிறேன், முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

“அவருக்கு வேலை என்னடி?”

“சண்டையில செத்தவங்க பெரிய சாமி வீட்டுக்கு வருவாங்க. இவர் நல்ல வார்த்தை சொல்லி உள்ள கூப்பிடுவாரு.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் முன்பு, எதிர் ஃப்ளாட்டில் வீட்டு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண் வாசலில் நின்றாள். ஊரில் அவள் அம்மா செத்துவிட்டாள். லீவு கிடைக்கவில்லை.

“எனக்கு வாயில ஒண்டும் வருகுதில்லை அம்மா. உங்களுக்கு ஒப்பாரி வருமெண்டு லிஃப்டில சொன்னீங்களெல்லே? என்ர அம்மாவுக்கு நாலு வரி சொல்லுவீங்களோ?”

லிஃப்டில் பெருமையடித்தது நான்தான். ஆனால் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பார்களா? மருமகனுக்குப் புது வேலை கிடைக்கிற நேரம் வேறு. “வீட்டுக்குள்ள ஆகாதும்மா” என்று கதவைப் பாதி சாத்தியபடியே சொல்லிவிட்டேன். ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை.

பிராகி கதை கேட்ட அன்றே வெயில் இறங்கியதும் எதிர்க் கதவைத் தட்டினேன். “பார்க்குக்கு வர்றியாம்மா? அங்க யார் வீடும் இல்ல. பாடுறேன்.”

“செத்த வீடு முடிஞ்சுது அம்மா.”

“தெரியும். தப்பு எம்மேலதான்.”

“அந்திரட்டிக்கு இன்னும் ஒரு கிழமைக்கு மேல கிடக்கு” என்றாள். அந்திரட்டி அவர்களுக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு, கிழமை என்றால் வாரம். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஊரில் செத்தவர்களையெல்லாம் எனக்குத் தெரியும். இந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

“உங்கம்மா எப்படிம்மா இருப்பாங்க?”

“பெரிய சத்தம். கோழியளுக்கு ஏசி ஏசித்தான் தீன் போடுவா.” சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

கோழியிலிருந்தே எடுத்தேன். தீனி வைக்க ஊரே இருக்கிறது, திட்டி வைக்க யார் இருக்கிறார்கள் என்று கோழிகள் கேட்பதாகப் பாடினேன். அவள் என் மடியில் விழுந்து அழுதாள்.

நன்றாகத்தான் பாடினேன். ஆனாலும் மூன்று வாரம், செத்துப்போன அந்த அம்மாவை நல்ல வார்த்தை சொல்லி உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிற்கவைத்துவிட்டேனே.