கொடைக்குப் போட்ட டிக்கெட்

மும்பை தாராவியில் எங்கள் சாலில், அதாவது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள கட்டடத்தில், யாருக்கு ஆஸ்பத்திரிக் காகிதம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். முப்பது வருஷம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன், இங்கிலீஷ் தெரிந்தவன் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பக்கத்து அறைக்காரர் தோல் பை தைப்பவர். நாங்குநேரிப் பக்கம். பிள்ளை குட்டி இல்லை. ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவரை ஒரு நாள் காலையில் அவர் மனைவி டாக்ஸியில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் எங்கள் ஆட்களுக்குக் குணமாகிவிட்டது என்று அர்த்தம். அவளும் அப்படித்தான் நினைத்து, நாலு வீட்டுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று கேட்கத்தான் என்னிடம் காகிதத்தை நீட்டினாள்.

நோய் ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. சாயா டம்ளர் என் கையில் இருந்தது. மாத்திரை வேளைகளை மட்டும் சொன்னேன். ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டு மாதத்தில் எழுந்து நடமாடிவிடுவார் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால்கூட என்னை மன்னித்துக்கொண்டிருப்பேன். அன்று சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டு, இந்த வாரமே ஊருக்கு டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டார். அம்மா செத்தபோது இவர் ரயிலில் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் அண்ணனோடு பேசி பதினோரு வருஷம். சாகிறவரை அப்படியே இருக்க அவருக்கு மனசில்லை.

நான் சொன்ன பொய்க்கு நானே காவல் நிற்க வேண்டியதாயிற்று. இப்போது அலைய வேண்டாம், உடம்பு தேறட்டும், இரண்டு மாதத்தில் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருகிறதே, அதற்குப் போகலாம் என்றேன். என் போனிலேயே இரண்டு லோயர் பெர்த் போட்டுக் கொடுத்தேன். கன்பர்ம் ஆகிவிட்டது என்று பெருமையாக வேறு காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நான்தான். கொடைக்கு வாரேன். மத்ததெல்லாம் நேர்ல பேசிக்கிடுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பதினோரு வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். அண்ணன் கிளம்பி வர இரண்டு நாள் ஆகும். அதுவரை அந்த அறையில் வைத்திருக்க முடியாது என்று நாங்களும் எடுத்துவிட்டோம். எடுத்தாச்சு என்று போனில் சொன்னதும் அந்த மனிதர் போனை வைத்துவிட்டார். வரவும் இல்லை.

அவருடைய டிக்கெட்டை மட்டும் நான் கேன்சல் செய்தேன். இன்னொன்றில் அவள் போனாள். துக்க வீட்டுக்காரிக்குக் கொடை ஏது, அண்ணனைப் பார்க்கத்தான் போனாள். தாதர் ஸ்டேஷன் வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன். எதிர் பெர்த்தில் யாரோ காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தாள்.

"அண்ணாச்சி, ஊர்ல அவிய அண்ணன் கேப்பாவ, ஏன் முன்னமே கூட்டிட்டு வரலன்னு. அன்னைக்கே இதுல இப்படி ஆகும்னு போட்டிருந்துச்சா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"இல்ல தாயி. திடீர்னு ஆயிட்டு."

"அப்ப அப்படியே சொல்லிருதேன்" என்று அவள் காகிதத்தைப் பத்திரமாக மடித்து உள்ளே வைத்தாள். முகத்தில் ஒரு நிம்மதி.

முதல் பொய்யை அவளுக்காகச் சொன்னேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். இதை யாருக்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். வண்டி நகர்ந்ததும் அவள் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.